வேர் பிழைத்தால் போதும்



2024-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 79 ஆண்டுகளில் அங்கே காணப்படாத உஷ்ணம் அது. அந்த வாரத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருப்பவர் அவர். மொட்டைமாடியில் இருபது பைகளில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தார். நண்பகலில் அவை யாவும் தலை கவிழ்ந்து நின்றன.

"பாஸ்டர் ஐயா, ஊரைவிட்டு வந்த எனக்கு இதுகள்தான் பேச்சுத்துணை" என்று கண் கலங்கினார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற துணிவில் நானும், "மத்தியானமும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாட்களில் பாதிச் செடிகள் மடிந்தன. ஒரு பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். மண் சேறாயிருந்தது, வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. செடிகள் தாகத்தால் சாகவில்லை. என் ஆலோசனையால் செத்தன. லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்ற மருமகள் மூன்று மாடி ஏறிச் சுமந்த தண்ணீர் அது என்பதை அறிந்தபோது எனக்கு இன்னும் வெட்கமாயிற்று. அதன்பின் கேட்டும் செய்தும் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது, துவளுதல் எல்லாம் தாகம் அல்ல. கடும் வெயிலில் இலைகள் இழக்கும் நீரை அதே வேகத்தில் வேர்களால் உறிஞ்சிக் கொடுக்க இயலாது. ஆகையால் மண்ணில் ஈரம் இருந்தும் இலைகள் தொங்கும். மாலையில் தாமாகவே நிமிரும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் அது தாகம். சந்தேகமிருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவேண்டாம். நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. மாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் குழாய் வழியே வருவதோ, கை பொறுக்காத வெந்நீர்! முந்திய இரவே வாளியில் பிடித்து ஆறவைத்து, சூரியன் ஏறுமுன் வேரடியில் ஊற்றுவதே நலம். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரையும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் செடிகளுக்குப் பயன்படுத்தலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுந்திருப்பதால், அதைத் தினமும் ஊற்றாதிருங்கள்.

இரண்டாவது, தண்ணீரைவிட நிழலே பெரிய உதவி. நினிவே பட்டணத்திற்குக் கிழக்கே உட்கார்ந்திருந்த யோனாவுக்கு ஓர் ஆமணக்குச் செடியின் நிழல் எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்பதை அறிவோம். அவரை வாட்டியது உஷ்ணமான கீழ்காற்று. வடஇந்தியாவில் வாழும் நம்மை வாட்டுவதோ 'லூ' என்னும் மேல்காற்று. ஆகையால் ஐம்பது சதவீத நிழல் தரும் பச்சை வலையைச் செடிகளுக்கு மேலும் மேற்குப் பக்கத்திலும் கட்டுங்கள். வலை செடியைத் தொடாமல் சற்று உயரத்தில் இருக்கட்டும். வலை வாங்க இயலாவிட்டால், பழைய பருத்திப் புடவையை நண்பகல் முதல் மாலை வரை கட்டினாலும் போதும். கருகிய இலைகளை அவசரப்பட்டுக் கிள்ளவேண்டாம். அவையும் உள்ளிருக்கும் தளிருக்கும் காய்க்கும் நிழலாயிருக்கின்றன.

மூன்றாவது, மண்ணை மூடிவையுங்கள். காய்ந்த இலைகளையோ, இங்கே 'பூசா' என்று விற்கப்படும் கோதுமை வைக்கோலையோ இரண்டு அங்குல கனத்திற்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிமட்டும் சற்று இடம் விடுங்கள். இந்த மூடாக்கு மண்ணின் சூட்டைத் தணித்து ஈரத்தைக் காக்கும். சிமெண்ட் தளத்தின் சூடு வேரைத் தாக்காதபடி பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, நெருக்கமாகச் சேர்த்து, சுற்றிலும் சணல் சாக்கைக் கட்டுங்கள். பெரிய தொட்டியானால், வண்ணம் பூசாத சிறிய மண்குடத்தைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். குடம் கசிந்து, வேருக்கு வேண்டியதை மெதுவாகக் கொடுக்கும்.

நான்காவது, அந்த நாட்களில் பலனைக் கேட்காதிருங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராதபோது, தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். 2024 ஜூன் மாதத்தில் டெல்லியின் இரவு வெப்பமே 35 டிகிரிக்குக் கீழே இறங்காத நாளும் இருந்தது. பூ உதிர்கிறதே என்று உரம் போடுவது, களைத்துப் படுத்திருப்பவனை எழுப்பி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். உரம் வேண்டாம், கவாத்து வேண்டாம், நாற்றுப் பிடுங்கி நடவும் வேண்டாம். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப் பேன்; காலையில் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஐந்தாவது, இது நம் ஊர் அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்குள்ள பட்டத்தை நம்பி இங்கே விதைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெண்டை, சுரை, பீர்க்கு, காராமணி ஆகியவற்றைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைத்தால், அனல் வருமுன் வேர் ஆழமாக இறங்கியிருக்கும். தண்டுக்கீரையும் வெயிலைத் தாங்கும். தக்காளியோ இங்கே குளிர்காலத்தின் பயிர். மே மாதத்தோடு அதை விட்டுவிடுவதே புத்தி.

கடைசியாக, மனம் வலித்தாலும் ஒன்று சொல்லவேண்டும். தண்ணீர் குறைவான வீட்டில் எல்லாச் செடிகளையும் காப்பாற்ற முயல்வது எல்லாவற்றையும் இழப்பதற்கே வழியாகும். ஒரு நாளைக்கு எத்தனை வாளி கொடுக்கலாம் என்பதைச் சுமக்கிறவர்களோடு உட்கார்ந்து முதலில் பேசுங்கள். அதற்குத் தக்க எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாரும் மருமகளும் அப்படியே பேசி, மீந்தவற்றில் ஆறு கத்தரியையும் இரண்டு மிளகாயையும் வைத்துக்கொண்டார்கள். ஜூன் முழுவதும் ஒரு காய்கூட இல்லை. வலைக்குக் கீழே வெறும் குச்சிகளாய் நின்றன. மழை வந்து இரண்டு வாரம் சென்றபின், காய்ந்த நுனிகளை வெட்டிவிட்டு, சிறிது மண்புழு உரம் இட்டார்கள். கணுக்கள்தோறும் தளிர் வந்தது. செப்டம்பரில் அந்த வீட்டில் எனக்குப் பரிமாறப்பட்ட கத்தரிக்காய்க் குழம்பை நான் சற்றுத் தலைகுனிந்தே சாப்பிட்டேன். கோடையில் செடியிடம் காயை எதிர்பாராமல் வேரை மட்டும் காத்துக்கொடுங்கள். மற்றதை அது மழைக்குப்பின் தானே பார்த்துக்கொள்ளும்.