பழைய கேமுக்குப் பழைய டிவிதான் சரி!

பழைய வீடியோ கேம் பெட்டியைப் புது எல்இடி டிவியில் மாட்டிப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரே வசனம்தான். "என்ன இது, படம் இவ்வளவு மோசமா இருக்கு? இதையா அந்தக் காலத்துல விழுந்து விழுந்து ஆடுனீங்க?" சின்னப் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது அண்ணன்மாருக்கும் சித்தப்பாமாருக்குமே சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவேளை அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததோ, நமக்குத்தான் ஞாபகம் தப்போ என்று. அத்தோடு பெட்டி மறுபடியும் பரணுக்குப் போய்விடும்.

என் கட்சி இதுதான். ஞாபகம் தப்பில்லை. பெட்டியும் கெட்டுப்போகவில்லை. பெட்டி அனுப்புவதைப் புது டிவி தப்பாகப் படிக்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொண்டால் பெரிய செலவில்லாமல் படத்தைத் தேற்றலாம். அதைவிட முக்கியமாக, மூலையில் கிடக்கும் டியூப் டிவியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிக்கலாம்.

எந்தப் பெட்டிகளைச் சொல்கிறேன்?

நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் விட்ட பெட்டி ஃபாமிகாம். அதன் நகல்கள்தான் 90களில் நம் நாட்டில் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வீட்டுக்கு வீடு வந்தன. மேரியோ, கான்ட்ரா, துப்பாக்கி வைத்து வாத்து சுடுவது... எல்லாம் இதில்தான். உள்ளே செருகும் அட்டையை நாம் 'கேசட்' என்றுதான் சொல்வோம். சேகாவின் மெகா டிரைவ் 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் மூலம் இந்தியாவுக்கு வந்தது. விலை 18,000 ரூபாய்! அன்றைக்கு நடுத்தரக் குடும்பம் அதன் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. அதற்கப்புறம் 2000களில் பிளேஸ்டேஷன் 2.

படத்துக்காகப் பாடுபடுவது தூத்துக்குடிக்குப் புதிதும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. ஆனால் அந்த அலை இந்தத் தென்கோடிக்கு எட்டவில்லை. இலங்கையில் ரூபவாஹினி 1982இல் வந்ததும், இந்தக் கரையோர ஊர்களில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி உயரமான ஆன்டெனா கட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார்கள். ஒருவர் மேலே கம்பியைத் திருப்ப, ஒருவர் கீழே "இன்னும் கொஞ்சம்... நிறுத்து!" என்று கத்த, புள்ளிகளுக்கு நடுவே படம் தெரியும். படம் சரியில்லை என்றால் கையை வைத்துச் சரிசெய்தவர்கள் நம் ஆட்கள். இன்றைக்கு ரிமோட்டில் 'செட்டிங்ஸ்' பொத்தானை அமுக்கவே யோசிக்கிறோம்.

சரி, கோளாறு எங்கே?

நம் நாட்டுப் பழைய டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அதை இரண்டு பாதியாகப் பிரித்து, முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என்று விநாடிக்கு 50 பாதிகளை வரைய வேண்டும். பழைய கேம் பெட்டிகள் இந்த விதியில் சின்னத் தந்திரம் செய்தன. ஒற்றை, இரட்டை என்று மாற்றாமல் ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலேயே வரைந்தன. ஃபாமிகாமின் படம் 240 வரிதான். ஒவ்வொரு பாதியும் அதற்கு முழுப் படம். டியூப் டிவி கேள்வி கேட்காது. வருவதை வந்தபடியே வரையும். வரிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி விழும். அதுதான் படத்துக்கு அந்த அழுத்தத்தைக் கொடுத்தது.

புது டிவிக்கு இந்தத் தந்திரம் தெரியாது. 'வருவது பாதிப் படம்தான்' என்று நினைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு தனிப் படங்களை ஒன்றாகப் பிசைந்து ஒரு படம் ஆக்கப் பார்க்கிறது. அடிபட்ட மேரியோ மின்னிமின்னித் தெரிவாரே, அவர் பாதி உடம்போடு தெரிவார், அல்லது ஆளே மறைந்துவிடுவார். அதன்பிறகு 240 வரியை 1080 வரிக்கு இழுக்க வேண்டும். நாலரை மடங்கு! ஒரு புள்ளி தடிமனாகவும் பக்கத்துப் புள்ளி ஒல்லியாகவும் வந்து, இரண்டுக்கும் நடுவே மங்கல் பூசப்படும். இத்தனை வேலையும் முடிந்துதான் படம் திரைக்கு வரும் என்பதால் தாமதம் வேறு. நீங்கள் பொத்தானை அமுக்கி, மேரியோ குதிப்பதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பார்.

துப்பாக்கி விஷயம் இதற்கு நல்ல சாட்சி. வாத்து சுடும் துப்பாக்கி டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். டிரிகரை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை உடனே பார்க்க வேண்டும். எல்இடி டிவியில் அந்த வெளிச்சம் தாமதமாக வரும், மின்னும் விதமும் வேறு. எவ்வளவு குறி பார்த்தாலும் வாத்து சாகாது.

இன்னொன்று. தெளிவான படம்தான் நல்ல படம் என்று எல்லோரும் நினைக்கிறோம். 1991இல் வந்த சோனிக் கேமில் அருவியைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது செங்குத்துக் கோடுகள்தான், ஒன்றுவிட்டு ஒன்று. மஞ்சள் வயரில் வரும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் உள்ளது தெரிகிற தண்ணீராக மாறும். புள்ளி புள்ளியாகத் துல்லியமாய்க் காட்டும் திரையில் அது தண்ணீர் இல்லை, கம்பி வேலி! அந்தப் படத்தை வரைந்தவர் டியூபின் மங்கலையும் சேர்த்துத்தான் வரைந்தார்.

இப்போது என்ன செய்யலாம்?

1. வீட்டில் டியூப் டிவி இருந்தால் அதில் மாட்டுங்கள். மஞ்சள், வெள்ளைத் துளைகள் இருந்தால் ஏவி வயரைப் போடுங்கள். ஆன்டெனா துளை வழியாகக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2. புது டிவிதான் என்றால் முதலில் பட அளவை 4:3 ஆக்குங்கள். மேரியோவை அமுக்கிக் குண்டாக்கிப் பார்ப்பதில் என்ன சந்தோஷம்? அடுத்து 'கேம் மோட்' போடுங்கள், தாமதம் குறையும். 'ஷார்ப்னெஸ்' என்பதைக் குறையுங்கள். அது தெளிவைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடு போடுகிறது. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்', அசைவை வழவழப்பாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்கும் காலணா செலவில்லை.

3. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 720, 1080 என்று அதில் ஒரு சுவிட்சும் இருக்கும். இந்த மலிவுப் பெட்டிகளும் டிவி செய்யும் அதே தப்பைத்தான் செய்கின்றன. படத்தை அகலமாக இழுத்தும் விடும். டிவியில் ஏவி துளையே இல்லாவிட்டால் மட்டும் வாங்குங்கள்.

4. பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. டிவியில் பச்சை, நீலம், சிவப்புத் துளைகள் இருந்தால் காம்பொனென்ட் வயர் வாங்குங்கள். நிறங்கள் தனித்தனியாகப் போவதால் மஞ்சள் வயரோடு ஒப்பிடவே முடியாது. மாட்டும் முன் பெட்டியின் செட்டிங்ஸில் 'காம்பொனென்ட்' அமைப்பை ஆர்ஜிபியிலிருந்து மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நிறம் கன்னாபின்னாவென்று வரும்.

5. பணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்பவர்களுக்கு ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் உண்டு. இவற்றுக்கு அந்த 240 வரித் தந்திரம் தெரியும். வந்த வரியையே இரண்டு, மூன்று தடவை எழுதி டிவிக்கு அனுப்பும். தாமதம் மிகமிகக் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்க வரியும் சேரும். ஒரு மாணவன் பர்ஸுக்கு இது கனவுதான் :-)

இதோடு நம்மூருக்கென்றே ஒரு பிரச்சினை: உப்புக் காற்று. உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊரில் வயர் முனையிலும் துளையிலும் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். படம் ஆடுவது, நிறம் போவது எல்லாம் பாதி நேரம் இதனால்தான். கேசட்டை வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். எச்சில் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் கூடும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்தபிறகு போடுங்கள்.

"இதெல்லாம் எதற்கு, கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடினால் போதாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 4கே திரையின் 2160 வரி, 240க்குச் சரியாக 9 மடங்கு. புள்ளிகள் ஒரே அளவில் வரும். டியூபின் வரிகளைப் போலக் காட்டும் வசதியும் அதில் உண்டு. டியூப் டிவி கிடைக்காதவர்களுக்கு அதுதான் அடுத்த நல்ல வழி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியும் கேசட்டும் டியூப் டிவியும் ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது, அசலைத் தூக்கிப் போட்டுவிட்டு நகலைத் தேடுவானேன்?

அந்த டிவி நம்மிடம் இல்லாத பொருளா என்ன! 2006 முதல் 2011 வரை தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு 14 அங்குல டிவி போனது. அத்தனையும் டியூப் டிவி. உலகத்தில் பழைய கேம் பிரியர்கள் தேடித் தேடிப் பணம் கொடுத்து வாங்கும் வகைத் திரையை நாம் வீட்டு வாசலிலேயே வாங்கி வைத்திருந்தோம். இப்போது சில நூறு ரூபாய்க்காக எடைக்குப் போடுகிறோம். அங்கே உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காக உடைக்கிறார்கள். ஈயம் கலந்த கண்ணாடி குப்பையில் கிடக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால் கடையில் டியூப் டிவியே கிடையாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். டியூப் டிவியின் பின்மூடியைத் தெரியாதவர்கள் கழற்றக் கூடாது. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். பழுது என்றால் பழைய டிவி மெக்கானிக் யாராவது தெருவில் இன்னும் இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள். அந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே வீட்டில் யாராவது "இதை எடைக்குப் போட்ரலாமா?" என்று கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவணை கேளுங்கள். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி அதில் மாட்டுங்கள். "இதையா ஆடுனீங்க?" என்று கேட்ட பிள்ளையின் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுங்கள். அதற்கப்புறமும் போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடுங்கள்!