அழுதால் அழட்டுமே!

2013 ஜூன் 2-ம் தேதி. அமெரிக்காவில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டி.வி. தொடரின் மூன்றாவது சீஸனில் கடைசிக்கு முந்தின எபிசோட். கல்யாண விருந்தில் தாய், மகன், கர்ப்பிணி மருமகள் எல்லோரையும் கொன்றுவிடுகிறார்கள். கதையை முன்பே நாவலில் படித்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மனைவியையும் நண்பனையும் ரகசியமாகப் படம் பிடித்தார்கள். அலறுகிறவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு விசும்புகிறவர்கள்... உலகமே பார்த்துச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரலீங்க. கதைதான் என்று புத்திக்குத் தெரியும், உடம்பு கேட்காது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அடக்கக் கூடாத வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்லும் 14-ல் கண்ணீரும் ஒன்று. டி.வி. முன்னால் அழுகிற அம்மாவை, "நடிப்புதானேம்மா" என்று கேலி பண்ணாதீங்க.

ஆனால், அதே 14-ல் தூக்கமும் இருக்கு! அன்று அவர்கள் அடுத்த எபிசோடுக்கு ஒரு வாரம் காத்திருந்தார்கள். இப்போது செல்போனில் உடனே அடுத்தது. தலைவலி, அஜீரணம் என்று வருகிற பிள்ளைகளிடம் நாடி பார்த்துக்கொண்டே, "ராத்திரி எத்தனை மணி வரை பார்த்தே?" என்றுதான் கேட்கிறேன். கடைசி எபிசோட் எங்கேயும் ஓடிப்போகாது. மறுநாள் சாயந்திரம் பாருங்க.