குரல் யாருக்குச் சொந்தம்?

கிங் கிரிம்சன் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் முதல் தனி ஆல்பம் 'எக்ஸ்போஷர்' 1979இல் வந்தது. பீட்டர் கேப்ரியல், பிரையன் ஈனோ, ஃபில் காலின்ஸ் என விருந்தினர் பலர். பெரும்பாலான பாடல்களைப் பாட வேண்டியிருந்தவர் டேரில் ஹால். அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த தரப்பு சம்மதிக்கவில்லை. இரண்டு பாடல்களில்தான் அவர் குரல் மிஞ்சியது. மற்ற இடங்களில் பீட்டர் ஹாமிலும் டெரி ரோச்சும் பாடினார்கள்.

தொண்டை அவருடையது, உழைப்பு அவருடையது. முடிவு மட்டும் காகிதத்தின் கையில். புகழ்பெற்ற பாடகருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத கலைஞருக்கு?

தோழர்களே, மேடை கிடைத்தாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள். கையெழுத்திடும் முன் கேளுங்கள்: பதிவு யாருக்குச் சொந்தம்? நாளை வேறிடத்தில் பாட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கூலியைப் போலவே இதுவும் உரிமைப் பிரச்சினைதான்.