ஆசிரியராகும் முன் ஒரு மாலை வகுப்பு

ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள். அவற்றில் 30 குழந்தை வளர்ச்சியும் உளவியலும் பற்றியவை. பியாஜே, வைகாட்ஸ்கி ஆகிய உளவியலாளர்களின் கோட்பாடுகளை நெட்டுருப் போட்டவர் அதில் தேறிவிடலாம். அவர் என்றைக்காவது எட்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுத்துக்கூட்ட வைத்திருக்கிறாரா என்று விடைத்தாள் கேட்காது. அதைக் கேட்க வேண்டியது பி.எட். படிப்பு.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். பழைய ஓராண்டுப் படிப்பின் ‘டீச்சிங் பிராக்டிஸ்’ உடன் ஒப்பிட்டால் நல்ல மாற்றம்தான். ஆனால் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் பல பள்ளிகளில் முதலில் கிடைப்பது விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு; அடுத்தது விடைத்தாள் கட்டு. மிச்ச நேரம் பாடக்குறிப்பு, சார்ட், ரெக்கார்டு நோட்டு. ரெக்கார்டைக் காசுக்கு எழுதித் தருபவர்கள் இருப்பதும் ஊரறிந்த ரகசியம்.

கரோனா காலத்தில் வேறொரு பயிற்சிக்கூடம் தற்செயலாகத் திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்த நிலையில், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 வரை வகுப்பு எடுத்தார்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பிளஸ் டூ போதுமாக இருந்தது. ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கப் பட்டம் வேண்டியிருந்தது. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரி மாணவிகளும், பி.எட். முடித்து வீட்டில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

பள்ளியில் பாடம் சலித்தாலும் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கோயில் திண்ணையில் நடக்கும் மாலை வகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து விளையாடப் போய்விடும், மறுநாள் எட்டிப் பார்க்காது. வருகைப் பதிவைக் காட்டி மிரட்டவும் முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும்போது ‘போர்ஷன் முடிக்க வேண்டும்’ என்ற சாக்கும் செல்லாது. பிள்ளைகளுக்குத் தன்னார்வலர் ‘அக்கா’. எந்த வீட்டில் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார், யார் தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வர முடியும் என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் பார்க்கும் அம்மா, “ஏம்மா, எம் பொண்ணு இன்னும் வாசிக்க மாட்டேங்குதே?” என்று நேராகவே கேட்பார்.

தமிழக கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்பது அதன் கணக்கு. பிள்ளைகள் பெற்றதை அந்த ஆய்வு அளந்தது. கற்பித்தவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது அதன் கேள்வியல்ல. கல்வித் துறையாவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்படிக் கற்பித்துப் பழக மாணவர்களிடம் நேரம் இல்லாமலும் இல்லை. கல்லூரிகளின் சமூக சேவைக்கு 1969 முதலே நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இரண்டாண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். பேரணி, மரக்கன்று, வளாகத் தூய்மை, பேனருக்கு முன்னால் ஒரு படம் என்றே அதில் பெரும்பகுதி கரைகிறது. தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், 240 மணி நேரம் என்பது 120 மாலைகள். ஆசிரியராக விரும்பும் மாணவர் அவ்வளவையும் ஒரே தெருவின் பிள்ளைகளோடு கழித்தால், ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டுவதிலிருந்து சரளமாக வாசிப்பதுவரை அவர் கூடவே இருந்து பார்க்கலாம். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் அந்த வாய்ப்பு அரிது.

ஆனால் சேவை செய்தாலே ஆசிரியராகிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. தனியாக விடப்பட்டவர், தனக்கு எப்படிக் கற்பித்தார்களோ அப்படியே கற்பிப்பார்: கரும்பலகையைப் பார்த்து எழுது, சேர்ந்து சொல், தப்பாகச் சொன்னால் முட்டி போடு. ஒரு பையன் ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிக்கிறான். அவனுக்கு மெய்யெழுத்து பிடிபடவில்லையா, முதலெழுத்தைப் பார்த்து ஊகிக்கிறானா? இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் புதியவர் தானாகக் கண்டுகொள்ள ஆண்டுகள் ஆகும். வாரம் ஒருமுறை அனுபவமுள்ள ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, வகுப்பு முடிந்ததும் கால்மணி நேரம் பேசினால் ஒரு மாதத்தில் பிடிபடும். அந்தப் பேச்சு இருந்தால்தான் சேவை பயிற்சியாகும். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள்; பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலையிலிருந்து அவர்களுக்குக் கொஞ்சம் விடுதலை கிடைக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் அழைக்கலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. மாதம் இருபது நாள் என்று வைத்தால் அந்த 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது மணிக்கு 25 ரூபாய். இந்த விலைக்கு ஆள் கிடைக்கும் என்று கண்ட அரசு, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் தள்ளிப்போடத் துணியலாம். ஆகவே மாணவரின் சேவை பள்ளி நேரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் இல்லாத வகுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2014 விதிமுறைகளிலேயே கோட்பாடு, பாடக் கற்பித்தல் இரண்டோடு களப்பணியும் மூன்றாவது பகுதியாக இருக்கிறது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 20 வாரப் பயிற்சியில் கைவைக்காமல், அந்தக் களப்பணி மதிப்பெண்ணில் ஒரு பங்கை மாலை வகுப்புக்கு ஒதுக்கலாம். மதிப்பிடவும் ரெக்கார்டு வேண்டியதில்லை. ஐந்து பிள்ளைகள் தொடக்கத்தில் எதை வாசித்தார்கள், எங்கே தடுக்கினார்கள், அதற்கு என்ன செய்தார், அது பலித்ததா என்று மாணவர் எழுதி வரட்டும். தேர்வாளர் அந்தப் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.