பட்டத்தோடு முடியாத படிப்பு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எதைப் படித்தால் உடனே வேலை கிடைக்கும்?" என்பதே. அதற்குப் பலரும் கூறும் விடைகளுள் ஒன்று எக்ஸ்ரே, ஸ்கேன் துறை. விடை தவறன்று. ஆனால் வேலை கிடைத்தபின் என்ன என்பதை நாம் கேட்பதில்லை.

இத்துறைக்கு இரு வாயில்கள் உள்ளன. எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.டி. கதிரியக்கவியல் பயின்று, படங்களைக் கொண்டு நோயைக் கண்டறியும் மருத்துவராவது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் ரேடியோகிராஃபியில் பட்டமோ பட்டயமோ பெற்று, கருவிகளை இயக்கும் தொழில்நுட்பராவது மற்றொன்று. மருத்துவ இடம் கிடைக்காமல் பிள்ளைகள் மனமுடைந்து நிற்கும் வீடுகளில் இந்த இரண்டாம் வாயிலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

எவ்வழியில் நுழைந்தாலும், பட்டம் பெற்ற அன்று படிப்பு முடிவதில்லை. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல். முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971இல். பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. கருவிகள் மட்டுமல்ல, பாடங்களும் மாறுகின்றன. எக்ஸ்ரே எடுக்கையில் நோயாளியின் அடிவயிற்றை ஈயக் கவசத்தால் மறைக்க வேண்டும் எனப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. கவசத்தால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். அது தேவையான பகுதியை மறைத்துவிட்டால் மீண்டும் படமெடுக்க நேரும் என்பது காரணம். முன்பு படித்ததோடு நின்றுவிட்டவர் இதை எவ்வாறு அறிவார்?

அறியாமைக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேர்வதும் உண்டு. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியுடன் வந்த இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்று, காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். படமெடுக்காத நேரத்திலும் அக்காந்தம் முழு வலிமையுடன் இருக்கும். அவ்வறையில் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் இது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட வேண்டிய பாடம்.

அமெரிக்காவில் பதிவுபெற்ற தொழில்நுட்பர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை 24 தொடர்கல்விப் புள்ளிகள் பெற வேண்டும். நம் நாட்டில் மருத்துவர்களுக்கு ஐந்தாண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வி வகுக்கப்பட்டுள்ளது. தொழில்நுட்பர்கள் உள்ளிட்ட துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியச் சட்டமோ 2021இல்தான் வந்தது. ஆகவே, விதி வற்புறுத்தும்வரை காத்திராமல் தாமே கற்பவரே இங்கு முன்னேறுவர்.

இனி நம் வீட்டு நிலையைப் பார்ப்போம். தாய்க்கு மாமோகிராம் எடுக்க வேண்டும் என்றால், "பெண் ஊழியர் இருக்கிறாரா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். இல்லையென்றால் பரிசோதனையையே தள்ளிப்போடும் தாய்மார்கள் உண்டு; அதற்குள் நோய் முற்றிவிடலாம். ஆனால் "கதிர்வீச்சு ஆபத்து" என்று சொல்லி மகளை அப்படிப்புக்கு அனுப்பத் தயங்குவோரும் நாமே. எக்ஸ் கதிர்ப் பணியாளர்கள் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், அவர்கள் பெறும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதற்கு வரம்பு விதித்துள்ளது. கருவுற்ற பணியாளருக்கு அவ்வரம்பு மேலும் கடுமையானது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிரே கிடையாது.

படிக்க வைத்தபின், திருமணத்தோடு நிறுத்திவிடுவதும் இழப்பே. சில ஆண்டுகள் விலகியிருந்தவர் திரும்பும்போது கருவி மாறியிருக்கும். அவ்விடைவெளியில் ஒரு குறுகியகாலப் பயிற்சிக்கேனும் அவரை அனுப்பும் பொறுப்பு கணவருக்கும் மாமியாருக்கும் உண்டு. முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவும் ஜமாஅத்துகள், பணியில் இருப்போரின் மேற்பயிற்சிக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

கல்வி தேடுவது கடமை என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கடமை பட்டமளிப்பு நாளோடு முடிந்துவிடும் என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை.