பாட்டரிக்கு ஒரு பட்டாபிஷேகம்

அம்பாசடர் வண்டிக்குப் பாட்டரி மாற்றுவதென்றால், பானட்டைத் தூக்கி, முதலில் நெகட்டிவ் முனையையும் (ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி கிளம்பாதிருக்கத்தான் இந்த முறை) பின்னர் பாசிட்டிவ் முனையையும் கழற்றி, பச்சை பூத்த இடத்தில் வெந்நீர் ஊற்றித் துடைத்து, புதியதை வைத்து இறுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். இப்போதோ அந்த வேலைக்குக் கணிப்பொறியின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றதும் தானே அணைந்து தானே உயிர்க்கும் வண்டிகள் பலவற்றில், அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். பாட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு சென்சார் ஒன்று அமர்ந்து, மின்னோட்டம், வோல்டேஜ், உஷ்ணம் மூன்றையும் சதா கணக்கெடுக்கிறது. பழையதன் தளர்ச்சிக்குத் தக்கபடி, கிழவருக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல் மின்சாரம் ஏற்றிப் பழகிய அந்த யந்திரத்துக்கு, புதியது வந்த சமாசாரத்தைச் சில வண்டிகளில் தனிக் கருவி கொண்டு தெரிவித்தாக வேண்டும். இல்லையேல் பழைய கணக்கிலேயே ஏற்றிப் புதியதன் ஆயுளைக் குறைத்துவிடக்கூடும். இதில் விஞ்ஞான நியாயம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அக்கருவியைச் சாமானியர் கைக்கு எளிதில் எட்டாமல் வைத்து, சொந்தக்காரனை அவன் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கே அந்நியனாக்குவதுதான் எனக்கு ஒவ்வாத விஷயம். சென்ற மாதம் என் வண்டியில் இணைப்பைக் கழற்றி மாட்டியதும், கடிகாரம் நள்ளிரவு காட்டிற்று. ரேடியோ ரகசிய எண் கேட்டது. ஜன்னல் கண்ணாடியோ ஒரே தொடலில் ஏறும் வழக்கத்தை அடியோடு மறந்துவிட்டது. தெருமுனை மெக்கானிக் சுவிட்சைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, அதற்கு அதன் எல்லையை மீண்டும் கற்பித்தார்; பாட்டரியைப் பதிவு செய்யும் கருவி மட்டும் அவரிடம் இல்லை.