உறங்கும் கணக்குகள்

கல்லூரியில் சேரும் நாளில் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலைக் கேட்கிறார்கள். நம்மில் பலர், பள்ளி நாட்களில் உதவித்தொகைக்காகத் திறந்து பின்னர் மறந்துபோன கணக்கின் நகலையே நீட்டுகிறோம். கோவளம், சதுரங்கப்பட்டினம் மீனவர் வீட்டுப் பிள்ளையானாலும், மதுராந்தகத்து உழவர் வீட்டுப் பிள்ளையானாலும் கதை ஒன்றே. பணம் எடுக்கச் செல்லும்போதுதான் கணக்கு உறங்குவது தெரிகிறது!

ஈராண்டுகள் நாம் வரவுசெலவு எதுவும் செய்யாவிட்டால் அது 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டியை வரவுசெலவாகக் கொள்வதில்லை. கேட்பாரற்ற கணக்கில் திருடன் எளிதில் கைவைப்பான் ஆதலால் இந்தப் பூட்டை நான் குறைகூறேன். திறக்கும் வழியை நமக்கு எவரும் சொல்லாததே குறை.

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் என்ன சொல்கின்றன? உதவித்தொகைக்காகவும் அரசுத் திட்டங்களுக்காகவும் திறக்கப்பட்ட இருப்பில்லாக் கணக்குகளை, ஈராண்டுகள் இயங்கவில்லை என்பதற்காகச் செயல்படாதவை என ஒதுக்கக் கூடாது. மற்றக் கணக்குகளை உயிர்ப்பிக்கக் கட்டணம் இல்லை. குறைந்த இருப்பு இல்லையென்று அபராதமும் பிடிக்கலாகாது. ஆதார் முதலிய சான்றுகளுடன் அவ்வங்கியின் எந்தக் கிளையிலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் மூன்று வேலை நாட்களில் முடித்தாக வேண்டும். இவ்வளவும் நம் பக்கம் இருக்க, அபராதத்துக்கு அஞ்சிப் புதுக்கணக்குத் திறக்க ஓடுகிறோமே!

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் கொடுத்த கைப்பேசி எண் அண்ணனுடையதாகவோ மாமாவுடையதாகவோ இருக்கும். இன்று அந்த எண்ணே இராது. பதினெட்டு வயது நிரம்பியவர் புதிய கையொப்பமும் தர வேண்டும். மின்னஞ்சலோ இன்னும் கண்டிப்பானது. ஈராண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாமென கூகிள் அறிவித்தது. வங்கிக் கணக்கு உறங்கினால் எழுப்பலாம். நீக்கப்பட்ட மின்னஞ்சலை எங்கே போய்த் தேடுவது?

2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப்புதல்வன் என மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அத்தொகை பலர் வீட்டில் பேருந்துச் செலவும் புத்தகச் செலவுமாகும். அதற்காக ஒரு நாள் வகுப்பையும் தந்தையின் ஒரு நாள் கூலியையும் இழந்து வங்கி வாசலில் நிற்பது நியாயமா? ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் வங்கி ஊழியரைக் கல்லூரிக்கே அழைக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் இது நடக்கும். படிவம் நிரப்ப நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் நால்வர் போதும்.